ஊர் கலைந்த பிறகும் 450 ஆண்டுகள் நின்ற கோயில்: வாரம் பெர்சி பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சிக்குக் குடும்பத்தோடு சென்றதாகவும், வண்டியை நிறுத்திவிட்டு வெகுதூரம் நடந்த பிறகு, கூரையில்லாத ஒரு தேவாலயத்தையும் அதைச் சுற்றிய புல்வெளியையும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொள்ளைநோயில் ஊர் அழிந்தது, ஊரோடு கோயிலும் பாழானது, அவ்வளவுதானே. நாடெங்கும் பழைய தேவாலயங்கள் முழுமையாக நிற்கும்போது இடிந்துபோன இந்த ஒன்றுக்கு ஏன் இத்தனை மதிப்பு. மதிப்பு உண்டென்றால் ஏன் கூரை போட்டுச் சீரமைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் இருக்கும் உண்மையான கேள்வியை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: அரசர் எவரும் முடிசூடாத, போர் எதுவும் நடக்காத, சிற்ப அழகென்று சொல்லும்படி ஏதும் இல்லாத ஒரு சிற்றூர்க் கட்டடம் வரலாற்றுக்கு என்ன சாட்சி சொல்ல முடியும்? நான் தொல்லியல் படித்தவன். பழைய கற்கட்டடங்களின் சுவர்களை அளந்து, வரைந்து, எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று பிரித்துப் பதிவு செய்யும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். ஆகையால் சுவரைப் பற்றிச் சற்றுத் துணிவோடு பேசுவேன். எலும்புகளைப் பற்றிப் பேசும் இடத்தில், அத்துறையினர் வெளியிட்ட அறிக்கைகளைப் படித்தவன் என்ற அளவில்தான் பேசுகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கொள்ளைநோய். 1348-49-இல் இங்கிலாந்தைத் தாக்கிய அந்த நோய் யார்க்‌ஷயரையும் விட்டுவைக்கவில்லை. வாரம் பெர்சியிலும் பலரைக் கொன்றது. ஆனால் ஊரை அழித்தது அது இல்லை. 1368-ஆம் ஆண்டு ஆவணப்படி அங்கே ஏறத்தாழ 30 வீடுகளில் ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள். 1458-இல் அந்த எண்ணிக்கை 16 ஆகக் குறைந்துவிட்டது. 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஞ்சியிருந்த நான்கு குடும்பங்களை நிலப்பிரபுவான ஹில்டன் பிரபு வெளியேற்றி, உழவு நிலத்தை ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டார். அரசு 1517-இல் நாடு முழுவதும் நடத்திய விசாரணையில், நான்கு வீடுகள் பாழாக விடப்பட்டதும் நான்கு ஏர்கள் ஓய்ந்ததும் அவர் பெயரில் பதிவாகியுள்ளன. எனவே நோய்க்கும் ஊர் கலைந்ததற்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. தேவாலயமோ ஊரோடு சாகவே இல்லை. அதில் கடைசி வழிபாடு நடந்தது 1949-இல். அதாவது ஊர் போன பிறகு ஏறத்தாழ 450 ஆண்டுகள் அந்தக் கோயில் வழிபாட்டில் இருந்திருக்கிறது. நீங்கள் பார்த்த இடிபாடு இடைக்காலத்தில் கைவிடப்பட்டதன்று. அது கைவிடப்பட்டபோது பிறந்தவர்கள் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். மணிக்கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்ததுகூட 1959-இல்தான்.

அந்த நிலப்பிரபுவையே முழுக் குற்றவாளியாக்கலாமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கம்பளி விலையும் ஆட்டுப் பண்ணையின் இலாபமும் உழவர்களைத் துரத்தின என்பது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வலுவாக முன்வைக்கப்பட்ட விளக்கம். பின்னர் கிறிஸ்டோபர் டையர் போன்ற வரலாற்றாசிரியர்கள், இத்தகைய ஊர்கள் பெரும்பாலும் தாமாகவே மெல்ல மெல்லக் கரைந்தன என்று வாதிட்டார்கள். நோய்க்குப் பிறகு ஆள்பற்றாக்குறையால் கூலி உயர்ந்தது. நல்ல நிலமும் குறைந்த குத்தகையும் கிடைக்கும் இடத்தைத் தேடிக் குடிகள் நகர்ந்தன. கடைசியில் மிஞ்சிய சிலரைத்தான் நிலப்பிரபுக்கள் அப்புறப்படுத்தினார்கள் என்பது அவர்கள் தரப்பு. வாரம் பெர்சியில் 30, 16, 4 என்று இறங்கும் எண்கள் இரண்டாவது விளக்கத்துக்கே அதிகம் இடம் கொடுக்கின்றன என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தக் கடைசி நான்கு வீடுகளும் தாமாகக் கலையவில்லை என்பதையும் 1517-இன் பதிவு மறக்கவிடாது.

ஊரே இல்லாத இடத்தில் கோயில் எப்படி நின்றது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலின் பாதி இருக்கிறது. அது ஓர் ஊருக்கு மட்டும் உரிய கோயிலாக இருந்ததில்லை. ஒரு பங்கின் கோயில். இங்கிலாந்தில் பங்கு என்பது எல்லை வகுக்கப்பட்ட நிலப்பரப்பு. அதற்குள் வாழ்ந்த ஒவ்வொருவரும் அந்தக் கோயிலுக்குத் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்று, செலுத்தியாக வேண்டும்; ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் அங்கேயே பெற வேண்டும். வாரம் பெர்சிப் பங்கில் அந்த ஊரோடு ரெய்ஸ்தார்ப், பர்டேல், திக்ஸன்டேல், டௌதார்ப் என்று ஐந்து குடியிருப்புகள் அடங்கியிருந்தன. சுண்ணப்பாறைக் குன்றுகளுக்கிடையே நீரோடாத பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடந்த ஊர்கள் அவை. பங்கின் தலைமை ஊர் மறைந்தாலும் பங்கு மறையவில்லை. திக்ஸன்டேலில் வாழ்ந்தவர்கள் பல தலைமுறைகளாகப் பிள்ளைகளையும் பிணங்களையும் சுமந்துகொண்டு, ஆடுகள் மட்டும் மேயும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1870-இல் அவர்களுக்கென்று திக்ஸன்டேலிலேயே ஒரு தேவாலயம் கட்டப்பட்ட பிறகுதான் பழைய கோயிலின் தேவை குறைந்தது. ஒரு நிர்வாக எல்லை ஒரு கட்டடத்தை எத்தனை காலம் தாங்கிப் பிடிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனிச் சுவருக்கு வருகிறேன். நீங்கள் நடுக்கூடத்தின் தெற்குச் சுவரை வெளிப்பக்கமாக நின்று பார்த்திருந்தால், அதில் அகன்ற வளைவுகளின் கோடு தெரிந்திருக்கும். வளைவுகளுக்குள்ளே வேறு கல்லால், வேறு அடுக்கில், நிரப்பிய சுவர் இருக்கும். அந்த நிரப்புச் சுவருக்குள் ஒரு சன்னலும் பதிக்கப்பட்டிருக்கும். அந்த ஒரே இடத்தில் மூன்று காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. முதலில் அது வெறும் சுவர். கோயிலின் புற எல்லை. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூட்டம் பெருகியபோது தெற்கே ஒரு பக்கக்கூடம் எழுப்பினார்கள். இரண்டும் ஒன்றாகும்படி பழைய புறச்சுவர் இருந்த இடத்தில் வளைவுகளைத் திறந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் வடக்குப் பக்கமும் இதுபோலவே விரிந்தது. பிறகு இடைக்காலத்தின் இறுதியிலும் அடுத்த தலைமுறைகளிலும் அந்தப் பக்கக்கூடங்கள் இடிக்கப்பட்டன. திறந்த வளைவுகள் அடைக்கப்பட்டன. சுவர் மீண்டும் புறச்சுவராயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் பலிபீடப் பகுதியும் நீளம் குறைத்துக் கட்டப்பட்டது. இப்படிப் படிப்படியாக வளர்ந்து, பிறகு படிப்படியாகச் சுருங்கிய கோயில், இறுதியில் தன் 12-ஆம் நூற்றாண்டு அளவுக்கு அருகிலேயே வந்து நின்றது.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட சுவர் அரிது. பெரும்பாலான ஊர்களில் வளர்ச்சி மட்டுமே தெரியும்; சுருக்கம் தெரியாது, அல்லது 19-ஆம் நூற்றாண்டில் நடந்த பெரும் சீரமைப்புகளின்போது அந்தச் சுவடு துடைக்கப்பட்டிருக்கும். விக்டோரியா காலத்துக் கட்டடக் கலைஞர்கள் பலர், கோயில் 13 அல்லது 14-ஆம் நூற்றாண்டில் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தாம் நினைத்தார்களோ அப்படியே அதைத் திருத்தினார்கள். பிற்காலச் சன்னல்களைப் பிடுங்கினார்கள், உட்பூச்சைச் சுரண்டினார்கள், தரையைத் தோண்டிச் சூடேற்றும் குழாய்களைப் பதித்தார்கள். ஊரே இல்லாத வாரம் பெர்சிக்கு அந்த அளவு செலவு செய்ய யாரும் முன்வரவில்லை. ஏழ்மை அதைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கோயிலின் பரப்பை மக்கள்தொகையின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் துறையில் உண்டு. சுற்றுலாக் கையேடுகளில் இன்னும் அதிகம். பக்கக்கூடம் கட்டினால் மக்கள் பெருகினார்கள், இடித்தால் குறைந்தார்கள் என்பது கேட்க எளிது, முழு உண்மையன்று. பக்கக்கூடம் என்பது கூட்டத்தை அடைப்பதற்கான இடம் மட்டுமன்று. துணைப் பலிபீடங்களை வைக்கவும், இறந்தோரின் ஆன்மாவுக்காக வழிபாடு நடத்தவும், பவனி சுற்றவும், காசுள்ள குடும்பம் தன் பெருமையைக் காட்டவும் அது பயன்பட்டது. 1547-ஆம் ஆண்டுச் சட்டம் இறந்தோருக்கான அறக்கட்டளை வழிபாடுகளை ஒழித்த பிறகு, நாடு முழுவதும் அத்தகைய இடங்கள் வேலையற்றுப் போயின. ஆகவே 16-ஆம் நூற்றாண்டில் ஒரு பக்கக்கூடம் இடிக்கப்பட்டால், ஆள் குறைந்ததும் காரணமாக இருக்கலாம், வழிபாடு மாறியதும் காரணமாக இருக்கலாம், பழுதான கூரையைப் பார்த்துக்கொள்ளக் காசில்லாததும் காரணமாக இருக்கலாம். வாரம் பெர்சியில் இம்மூன்றும் கலந்தே இருந்திருக்கும் என்று கருதுகிறேன். எதற்கு எவ்வளவு பங்கு என்று கல் சொல்லாது.

பணம் யார் கையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் திருச்சபை வழக்கப்படி, பலிபீடப் பகுதியைப் பேணுவது தசமபாகத்தைப் பெறும் பங்குத் தலைவரின் பொறுப்பு. மக்கள் நிற்கும் நடுக்கூடத்தைப் பேணுவது பங்கு மக்களின் பொறுப்பு. ஒரே கூரையின் கீழ் இரண்டு பணப்பைகள். ஆகவேதான் பல தேவாலயங்களில் ஒரு பாதி செழிப்பாகவும் மறுபாதி ஒட்டுப்போட்டதாகவும் தெரியும். வாரம் பெர்சியின் பலிபீடப் பகுதி 17-ஆம் நூற்றாண்டில் குறுக்கப்பட்டதை, மக்கள் கையிலிருந்த நடுக்கூடம் சுருங்கியதோடு சேர்த்து ஒரே கதையாக எழுதுவது சரியாகாது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரிந்தது என்றால், இடிபாடாக இருந்ததால்தான் தெரிந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு கற்பித்த மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் 1948-இல் இந்த இடத்துக்கு வந்தார். இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ஊர்கள் மிகச் சில என்றுதான் அதுவரை பெரிய வரலாற்றாசிரியர்களே நம்பியிருந்தார்கள். புல்லுக்கடியில் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தவை வீடுகளின் அடித்தளங்கள்தாம் என்று காட்டுவதற்காக 1950-இல் அவர் இங்கே தோண்டத் தொடங்கினார். அரசின் பழஞ்சின்னத் துறையில் பணியாற்றிய தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் 1950-களின் தொடக்கத்தில் அவரோடு சேர்ந்தார். ஆவணம் தெரிந்த ஒருவரும் மண் தெரிந்த ஒருவரும் சேர்ந்து, தன்னார்வலர்களைக் கொண்டு கோடைதோறும் சில வாரங்கள் என்று 1990 வரை இந்த அகழாய்வை நடத்தினார்கள். குறுகிய குழிகளை அங்கங்கே வெட்டிப் பார்க்கும் பழைய முறையைக் கைவிட்டு, ஒரு வீட்டின் முழுப் பரப்பையும் ஒரேயடியாகத் திறந்து அடுக்கடுக்காக அகற்றும் முறை இங்கிலாந்தின் இடைக்காலத் தொல்லியலில் வேரூன்றியது பெரும்பாலும் இங்கேதான். கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் அந்நாட்டில் ஏறத்தாழ 3000 உண்டு என்று இன்று அறியப்படுகிறது. வாரம் பெர்சி அவற்றுள் பெரியதன்று. ஆனால் அதைப்போல ஆழமாகப் படிக்கப்பட்டது வேறில்லை.

1960-களில் அவர்கள் தேவாலயத்துக்குள் இறங்கினார்கள். வழிபாட்டில் இருக்கும் ஒரு கோயிலின் தரையைப் பெயர்க்க எந்தப் பங்கும் இசையாது. இசைந்தாலும் ஒரு மூலையில் குழி வெட்ட இடம் தருவார்களே தவிர முழுவதையும் தரமாட்டார்கள். இங்கே கூரையும் இல்லை, சபையும் இல்லை; ஆகவே ஒரு பங்குத் தேவாலயத்தின் உட்புறத்தை ஏறத்தாழ முழுவதுமாகத் தோண்டிப் பார்க்க முடிந்தது. இன்று நிற்கும் சுவர்களுக்குள்ளே, அவற்றைவிட மிகச் சிறிய கற்கோயில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. அது 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கும் அடியில் கம்பங்கள் நட்ட குழிகள் சில தெரிந்தன. அவற்றை 10-ஆம் நூற்றாண்டு மரக்கோயிலின் தடயங்களாக அகழ்ந்தவர்கள் கொண்டார்கள். கற்கோயில் பற்றி ஐயமில்லை. மரக்கோயில் வலுவான ஊகம். பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கல்லறைக் குழிகள் வெட்டிக் குலைத்த தரையில் சில கம்பக்குழிகளை மட்டும் வைத்துக்கொண்டு கட்டடத்தின் வடிவை உறுதிசெய்வது கடினம். தகவல் பலகைகளில் இரண்டையும் ஒரே உறுதியோடு எழுதிவிடுவது வழக்கம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அடுத்து கல்லறைத் தோட்டம். கோயிலைச் சுற்றி 687 பேருடைய எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன, பெரும்பாலானவை இடைக்காலத்தவை. இங்கிலாந்தின் இடைக்கால நாட்டுப்புற மக்களைப் பற்றி இத்தனை பெரிய, இத்தனை விரிவாக ஆராயப்பட்ட எலும்புத் தொகுதி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. நகரத்துக் கல்லறைகள் பல தோண்டப்பட்டிருக்கின்றன. மடங்களின் கல்லறைகளும் உண்டு. ஏர் உழுதவர்களுடைய கல்லறை மிகக் குறைவு, ஏனெனில் அத்தகைய கல்லறைத் தோட்டங்கள் இன்றும் ஊர்களின் பயன்பாட்டில் இருக்கின்றன. சைமன் மேஸ் முதலிய எலும்பியலாளர்கள் இவற்றைப் பல பத்தாண்டுகளாகப் படித்திருக்கிறார்கள். எலும்பிலுள்ள நைட்ரஜன் அணுவகைகளின் விகிதத்தைக் கொண்டு, இங்கே குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் கொடுத்திருக்கிறார்கள் என்று கணித்தார்கள். அதற்குப் பிறகு வளர்ச்சி தடைபட்டது. பத்து வயதுப் பிள்ளை இன்றைய பத்து வயதுப் பிள்ளையைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது. எனினும் வளர்ச்சிக் காலம் நீண்டு, பெரியவர்களாகும்போது அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிட்டார்கள். காசநோயின் தடயம் உள்ள எலும்புகளிலிருந்து எடுத்த மரபணு, மாட்டிடமிருந்து தொற்றும் வகையைக் காட்டவில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வகையையே காட்டியது. கால்நடைகளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த உழவர்களிடம் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு மண்டையோட்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏறத்தாழ நாற்பது வயதான ஆண். 10 அல்லது 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். தலையில் பலத்த அடி விழுந்து ஓடு உள்நோக்கி உடைந்திருக்கிறது. யாரோ ஒருவர் தோலை மடித்து விலக்கி, மூளையை அழுத்திக்கொண்டிருந்த எலும்புத் துண்டுகளை எடுக்கும்படி மண்டையோட்டைச் சுரண்டித் திறந்திருக்கிறார். திறந்த விளிம்பில் புது எலும்பு வளர்ந்து வழவழப்பாகியிருக்கிறது. அதாவது அந்த ஆள் பிழைத்து, அதன்பின் நெடுநாள் வாழ்ந்திருக்கிறார். மருத்துவ நூல் எதுவும் எழுதிவைக்காத ஒரு குன்றுப்புற ஊரில் இப்படியொரு கை இருந்தது என்பதற்கு இந்த மண்டையோட்டைத் தவிர வேறு ஆவணமில்லை. அந்தக் கை ஊர்க்காரருடையதா, ஊர் ஊராகச் சென்று வைத்தியம் பார்த்தவருடையதா என்பது யாராலும் நிறுவ முடியாதது.

எலும்புகளின் விஷயத்திலும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கல்லறைத் தோட்டம் முழுவதும் தோண்டப்படவில்லை. தோண்டிய பகுதியில் கிடைத்தவர்கள் ஊரின் சராசரி என்று கொள்ள முடியாது. இரண்டாவது, இவர்களை வாரம் பெர்சி ஊர்க்காரர்கள் என்று சொல்வதே பிழையாகலாம். மேலே சொன்ன ஐந்து குடியிருப்புகளிலிருந்தும் பிணங்கள் இங்கேதான் வந்தன. யார் எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தார் என்று எலும்பைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை. பெரியவர்களில் பெண்களைவிட ஆண்கள் தெளிவாக அதிகம் என்பது இன்னொரு முடிவு. அதே காலத்து யார்க் நகரக் கல்லறை ஒன்றில் பெண்கள் அதிகமாக இருப்பதோடு இதை ஒப்பிட்டு, இளம்பெண்கள் வேலை தேடி நகரத்துக்குப் போனார்கள் என்று விளக்குகிறார்கள். ஆவணங்களும் அதற்குத் துணை நிற்பதால் நான் அதை நம்பத்தக்கதாகவே காண்கிறேன். ஆனால் தோட்டத்தின் தோண்டப்படாத பகுதியில் பெண்கள் அதிகமாக அடக்கப்பட்டிருந்தால் இந்தக் கணக்கே மாறும்.

கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே கிடைத்த எலும்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தோட்டத்தின் பொருள் விளங்கும். 1960-களில் வீடுகள் இருந்த மேட்டுப்பகுதியில் ஒரு குழியிலிருந்து உடைந்த மனித எலும்புகள் எடுக்கப்பட்டன. அவை உரோமர் காலத்துக் கல்லறை எதிலிருந்தோ கலைந்தவை என்று முதலில் ஒதுக்கிவைத்தார்கள். பிற்காலக் கார்பன் ஆய்வு அவை 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று காட்டியது. 2017-இல் வெளியான ஆய்வின்படி மொத்தம் 137 துண்டுகள், குறைந்தது பத்துப் பேருடையவை. கத்தி வெட்டுகள், துண்டித்த தடயங்கள், எரித்த தடயங்கள் எல்லாம் உண்டு. பற்களிலுள்ள ஸ்ட்ரான்சியம், அதாவது ஒருவர் வளர்ந்த இடத்தின் மண்ணிலிருந்து உணவு வழியே பற்களில் சேரும் தனிமம், அவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை என்று சொல்கிறது. செத்தவர்கள் எழுந்து வந்து துன்புறுத்துவார்கள் என்ற அச்சத்தால் பிணத்தைத் துண்டித்து எரித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். அக்காலத்தில் யார்க்‌ஷயரிலேயே வாழ்ந்த நியூபர்க் வில்லியம் என்ற துறவி அத்தகைய கதைகளைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார் என்பதும் உண்மை. பஞ்சத்தில் மனித ஊன் தின்றார்கள் என்ற மாற்று விளக்கத்தையும் அவர்கள் எடைபோட்டார்கள். வெட்டுகள் தலையையும் கழுத்தையும் சுற்றியே குவிந்திருப்பது அதற்குப் பொருந்தவில்லை. பத்திரிகைகள் இதைப் பேய்க் கதையாகவே ஊதின. எலும்புகளின் காலமும் வெட்டுகளும் உறுதியானவை. வெட்டியவர்களின் மனத்தில் இருந்தது என்ன என்பது ஊகமே. எது எப்படியிருப்பினும், அந்தப் பத்துப் பேர் கோயிலின் எல்லைக்குள் அனுமதிக்கப்படவில்லை. பங்குக்குள் பிறந்த ஒவ்வொருவருக்கும் உரிய இடம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது என்பதை, பங்கின் கல்லறையும் இந்தக் குழியும் ஒருங்கே தோண்டப்பட்டதால் மட்டுமே காண முடிகிறது.

ஆகவே ‘ஏன் இந்த இடிபாடு’ என்ற கேள்விக்கு என் பதில் இது: கட்டடமாக மட்டும் எடுத்துக்கொண்டால் வாரம் பெர்சித் தேவாலயம் நடுத்தரமானது. அதைவிட அழகான, பழமையான, முழுமையான பங்குத் தேவாலயங்களை யார்க்‌ஷயரிலேயே ஏராளமாகக் காட்ட முடியும். ஆனால் கோயில், கல்லறை, வீடுகள், வயல், நிலப்பிரபுவின் மனை, அவற்றைப் பற்றிய ஏடுகள் எல்லாவற்றையும் ஒரே பங்குக்குள் ஒன்றோடொன்று ஒட்டிவைத்துப் படிக்க முடிந்த இடம் இதைப்போல் மற்றொன்று இல்லை. ஒரு குடியானவர் எந்த அளவு வீட்டில் வாழ்ந்தார், எந்தச் சுவருக்குள் மண்டியிட்டார், எந்த நோயோடு புதைந்தார் என்பதைப் பெயர் தெரியாமலே தொடர்ந்து சொல்ல முடிகிறது. பங்குப் பதிவேடுகளை எழுதிவைக்கும்படி ஆணை பிறந்ததே 1538-இல்தான். அதற்கு முந்தைய எளிய மக்களுக்கு எழுத்தில் இடமே இல்லை.

கூரை பற்றி. இந்த இடம் இப்போது இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. அழிந்ததைக் கற்பனையால் நிரப்பாமல், இருப்பதை இருக்கிறபடி நிறுத்திவைக்க வேண்டும் என்பது அந்நாட்டின் பழஞ்சின்னப் பராமரிப்பில் ஊறிப்போன கொள்கை. 1877-இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே விக்டோரியா காலச் சீரமைப்புகளை எதிர்த்துத்தான். கொள்கை ஒருபுறம் இருக்க, நடைமுறைத் தடையும் இருக்கிறது. கூரை போடுவதென்றால் எந்த நூற்றாண்டின் கோயிலுக்குப் போடுவது? பக்கக்கூடங்களோடு கூடிய 13-ஆம் நூற்றாண்டுக் கோயிலுக்கென்றால், அடைத்த வளைவுகளைப் பெயர்த்தெடுக்க வேண்டும்; நான் மேலே விவரித்த அந்தத் தெற்குச் சுவரின் சாட்சியம் முழுவதும் போய்விடும். 1949-இல் இருந்த கோயிலுக்கென்றால், சரிந்த கோபுரத்தைப் புதிதாக எழுப்ப வேண்டும். புதுக் கோபுரத்துக்குப் புது அடித்தளம் வேண்டும். அதற்கு இன்னும் தொடப்படாத கல்லறைகளை வெட்ட வேண்டும்.

அதே நேரத்தில், கூரையில்லாமல் விடுவது செலவில்லாத வழி என்று நினைத்துவிட வேண்டாம். திறந்த சுவரின் தலையில் மழைநீர் இறங்கிக் கலவையைக் கரைக்கும்; குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். 20-ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் சிமென்டால் இணைப்புகளைப் பூசினார்கள்; அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்து, கல்லின் முகத்தையே உதிரச் செய்தது. இப்போது சுண்ணாம்புக் கலவைக்கே திரும்பியிருக்கிறார்கள், ஏனெனில் அது கல்லுக்கு முன்பாகத் தான் தேய்ந்து கொடுக்கும். தேய்ந்ததை மீண்டும் பூசிக்கொள்ளலாம். சில இடங்களில் சுவரின் தலையில் புல்கட்டியை வளர்த்து மூடுகிறார்கள். இவை எல்லாமே தேய்வைத் தாமதப்படுத்தும் வேலைகளே. கூரையிட்ட சுவர் கூரையில்லாத சுவரைவிட நெடுங்காலம் நிற்கும் என்பதை என் துறையில் யாரும் மறுக்க மாட்டார்கள். இருந்தும், வாரம் பெர்சியில் கூரை வேண்டாம் என்ற பக்கமே நான் நிற்பேன். சுவருக்கு இன்னும் சில நூற்றாண்டு ஆயுளைக் கூட்டுவதற்காக, அதில் எழுதியிருப்பதை அழிப்பது எனக்குச் சரியான பேரமாகப் படவில்லை. வேறு ஒரு கோயிலில், சுவர்களில் இத்தனை சுவடுகள் இல்லாமல், உள்ளே வண்ணப்பூச்சு மட்டும் எஞ்சியிருந்தால், நான் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருப்பேன்.